ஐந்து கூண்டுக்கு ஒரே பந்தி

இருபத்தாறு வருஷம் நான் சுண்டெலிகளுக்கு மருந்து புகட்டும் வேலை பார்த்தவன். ஆனாலும் எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டில் எலி புகுந்தால் என் மனைவி விஜயா எதிர்வீட்டுக்காரரைத்தான் கூப்பிடுவாள். "நீங்க வேணாங்க. நீங்க அதைப் புடிச்சு, எடை போட்டு, நோட்டுல எழுதி, திரும்பக் கொண்டாந்து விட்டுடுவீங்க" என்பாள். அவள் சொல்வதில் தப்பில்லை. அடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதே இல்லை.

திருச்சியில் ஒரு தனியார் மருந்தியல் கல்லூரி. அதன் பின்பக்கம் விலங்குக்கூடம் என்று ஒரு தனிக் கட்டடம். அங்கே பணியாளராகச் சேர்ந்து, டெக்னீஷியனாகி, போன வருஷம் ஓய்வு பெற்றேன். மூலிகைச் சாறு புற்றுநோயை அடக்குமா என்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பதுதான் அங்கே முக்கியமான வேலை. போன மாதம் அங்கிருந்து போன் வந்தது. இனிமேல் முதல் கட்டச் சோதனையெல்லாம் பிளாஸ்டிக் தட்டில் வளர்க்கும் செல்களில்தானாம். எலிகளைக் குறைத்துவிட்டு, கூடத்தின் பாதியில் குளிர்பெட்டி வைத்துவிட்டார்களாம். "நீங்க எப்படிப் பண்ணீங்கன்னு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க சார், ஆண்டு மலர்ல போடறோம்" என்றார்கள். நல்லதாக எழுதுவதா, நடந்ததை எழுதுவதா என்று கேட்டேன். "நடந்ததையே எழுதுங்க சார், யாரு படிக்கப் போறாங்க" என்றார்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் விஞ்ஞானம் படித்தவன் இல்லை. பத்தாவது முடித்ததும் சித்தப்பாவின் சமையல் கோஷ்டியில் சேர்ந்து, முப்பத்துநாலு வயது வரைக்கும் பந்தி பரிமாறினேன். ஸ்ரீரங்கத்திலும் திருவானைக்காவலிலும் அந்த நாளில் நடந்த கல்யாணங்களில் பாதிக்கு நான் சாம்பார் வாளியோடு போயிருக்கிறேன். சித்தப்பாவுக்குச் சமையலைவிடப் பரிமாறல்தான் உயிர். பந்தி வஞ்சனை கூடாது என்பது அவருடைய ஒரே சட்டம். ஓர் இலைக்கு இரண்டு வடை வைத்துவிட்டு அடுத்த இலைக்கு ஒன்று வைத்தால் கரண்டிக் காம்பால் முழங்கையில் தட்டுவார். பாயசம் குறைவாக இருந்தால் பாலை விட்டு நீட்ட வேண்டும். ரசம் குறைந்தால் பருப்புத் தண்ணீர் விட்டு நீட்ட வேண்டும். "இலையைப் போட்டு உக்காந்துட்டா கலெக்டரும் ஒண்ணுதான், கட்டை வண்டிக்காரனும் ஒண்ணுதான். கடைசி இலைக்கு இல்லேன்னு எவனாவது சொன்னீங்க, தெரியும் சேதி" என்பார். என் கை அப்படிப் பழகிய கை. பிறகு முதுகு பிடித்துக்கொண்டது. வாளி தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கனமில்லாத எதையாவது தூக்கும் வேலையாகத் தேடினேன். சுண்டெலி ஒன்று முப்பது கிராம்கூட இருக்காது.

துறைத் தலைவர் பேராசிரியர் கஸ்தூரி. நாங்கள் மேடம் என்போம். அவருடைய அப்பா தொழிற்சாலையில் ஃபோர்மேன். மேடம் பிறந்து வளர்ந்ததெல்லாம் தொழிற்சாலைக் குடியிருப்பில். அதனாலோ என்னவோ, அளந்து பார்க்காத எதையும் அவர் நம்பமாட்டார். "நல்லா சாப்பிடுது மேடம்" என்றால் "எத்தனை கிராம்?" என்பார். "ரூம் கொஞ்சம் சூடா இருக்கு மேடம்" என்றால் "எத்தனை டிகிரி?" என்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. தப்பு நடந்தால் டிராயரைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசைமேல் நம் பக்கமாகத் தள்ளுவார். "எழுதுங்க" என்பார். எழுதிக் கொடுத்ததைச் சிவப்புப் பேனாவால் திருத்தித் திருப்பிக் கொடுப்பார். மறுபடி எழுத வேண்டும். ஒரு கூண்டுக்குச் சரியாகத் தாழ் போடாமல் போனதற்கு நான் மூன்று பிரதி எழுதினேன். திட்டியிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

வேலை பழக ஆறு மாதம் பிடித்தது. எலியின் வாலை அடியில் பிடித்துத் தூக்கி, கூண்டின் கம்பி மூடிமேல் விட வேண்டும். அது ஓடப் பார்த்துக் கம்பியை இறுகப் பற்றிக்கொள்ளும். அந்தச் சமயத்தில் பிடரித் தோலைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துப் பிடித்துத் திருப்பி, வாலைச் சுண்டுவிரலுக்கடியில் மடக்கிவிட வேண்டும். இப்போது எலி உள்ளங்கையில் மல்லாந்து கிடக்கும். முனையில் சின்னக் குண்டு வைத்த வளைந்த ஊசி ஒன்று உண்டு. அது குத்தாது. அதை வாயின் ஓரமாக விட்டு, தொண்டை வழியாக இறக்கி, மருந்தை மெதுவாகச் செலுத்த வேண்டும். கைக்குழந்தைக்குப் பாலாடையில் புகட்டுகிற பொறுமை வேண்டும். தடுத்தால் தள்ளக் கூடாது, வெளியே எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். தள்ளினால் மருந்து நுரையீரலுக்குப் போய்விடும். அப்புறம் அந்த எலி இல்லை.

ஒரு கூண்டுக்கு ஆறு வெள்ளை எலிகள். ஆறும் ஒரே அச்சு. அதனால் மஞ்சள் சாயம் தொட்டு ஒன்றுக்குத் தலையில், ஒன்றுக்கு முதுகில், ஒன்றுக்கு வாலில், இரண்டுக்குக் காலில் என்று அடையாளம் வைப்போம். ஆறாவதுக்கு எதுவும் வைப்பதில்லை. நோட்டில் அதன் பெயர் 'வெறும்'. எனக்கு இந்தப் பெயர்கள் அப்படியே ஒட்டிக்கொண்டன. சாப்பிடும்போது "இன்னிக்கு முதுகு சரியில்ல விஜயா" என்று வருத்தப்படுவேன். அவள் தைல பாட்டிலோடு வருவாள்.

நான் சேர்ந்து பத்து மாதம் ஆனபோது தமிழ்ச்செல்வி என்ற ஆராய்ச்சி மாணவியின் சோதனை தொடங்கியது. துறையூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவள் எடுத்துக்கொண்ட செடி குப்பைமேனி. அவள் அப்பா வரப்பில் பிடுங்கிச் சாக்கில் கட்டி பஸ்ஸில் போட்டு அனுப்புவார். "நாப்பது வருஷமா இதைப் புடுங்கிப் புடுங்கிப் போட்டிருக்கேன். இதுக்குப் பட்டம் குடுப்பாங்கன்னு ஒருத்தரும் சொல்லலையே" என்று அவர் ஆச்சரியப்பட்டாராம்.

குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் உண்டு. ஏன் என்பது எங்களுக்கு இரண்டே நாளில் தெரிந்தது. வேரோடு பிடுங்கிய செடியைத் தமிழ்ச்செல்வி விலங்குக்கூடத்துத் தாழ்வாரத்தில் நிழலில் உலர்த்தியிருந்தாள். ஹாஸ்டல் பக்கத்துப் பூனைகள் எல்லாம் வந்து அதன்மேல் கண்ணை மூடிக்கொண்டு புரண்டன. கதவுக்கு இந்தப் பக்கம் நூற்றுக்கணக்கில் எலிகள், அந்தப் பக்கம் சொக்கிக் கிடக்கும் பூனைகள். நான் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"மேடம், வாசல்ல பூனைங்க வந்து படுத்திருக்கு."

"எத்தனை?"

"மூணு மேடம்."

"எத்தனை மணியிலேர்ந்து?"

அதையும் எழுதித்தான் கொடுத்தேன்.

சோதனை இப்படி. முப்பது எலிகள், ஐந்து கூண்டுகள். முதல் கூண்டு ஆரோக்கியமானது, அதற்கு ஒன்றும் செய்வதில்லை. மற்ற நான்கு கூண்டு எலிகளுக்கும் வயிற்றில் புற்றுச் செல்களை ஊசியால் செலுத்துவார்கள். செல் பெருகப் பெருக வயிற்றில் நீர் கோர்த்து எடை ஏறும். எங்கள் தொழிலில் எடை ஏறினால் சந்தோஷப்படக் கூடாது. இரண்டாம் கூண்டுக்கு மருந்து கிடையாது, மருந்தைக் கலக்கும் பசைத் தண்ணீர் மட்டும்தான். மூன்றாம் கூண்டுக்கு ஆஸ்பத்திரிகளில் கொடுக்கும் மருந்தை மேடமே ஊசியாகப் போடுவார். நான்காம் கூண்டுக்குக் குப்பைமேனிச் சாறு ஒரு மடங்கு, ஐந்தாம் கூண்டுக்கு இரண்டு மடங்கு. எந்தக் கூண்டு எத்தனை நாள் உயிரோடு இருக்கிறது என்பதுதான் கேள்வி.

மூன்றாம் நாள் காலையில் தமிழ்ச்செல்வி கூடத்துக்குள் வராமல் வாசலிலேயே நின்றாள். நெற்றியிலும் கன்னத்திலும் கொப்புளங்கள்.

"அம்மை போட்டிருச்சு போலருக்குண்ணே. நான் உள்ள வரலை. ஊருக்குப் போறேன். நீங்கதான் பாத்துக்கணும்." நோட்டைப் படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். "எல்லாம் எழுதியிருக்கேன். சந்தேகம் வந்தா மேடத்தைக் கேளுங்க."

எனக்குச் சந்தேகமே வரவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

'கூண்டு 2: பசைத் தண்ணீர் மட்டும்' என்று நோட்டில் தெளிவாகத்தான் இருந்தது. ஏன் என்று எழுதியிருக்கவில்லை. நானாக ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். ஒரு சாக்குச் செடியை உலர்த்திப் பொடித்து, ஆல்கஹாலில் ஊறவைத்து வடிகட்டி வற்றவைத்தால், அடியில் கறுப்பாகக் கொஞ்சம்தான் மிஞ்சும். அவ்வளவு அருமையான சரக்கு எல்லாக் கூண்டுக்கும் காணாது, அதனால் இரண்டாம் கூண்டை விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். அப்பளம் தீர்ந்துபோனால் கடைசி வரிசைக்கு விட்டுப்போகுமே, அந்தக் கணக்கு.

ஆறாம் நாள் இரண்டாம் கூண்டில் வயிறுகள் உப்பத் தொடங்கின. ஐந்து கூண்டும் ஒரே அலமாரித் தட்டில் வரிசையாக இருக்கும். நான் நான்காம் கூண்டுக்குப் புகட்டும்போது இரண்டாம் கூண்டில் இருப்பவை கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று என்னையே பார்க்கும். எலிக்கு அவ்வளவு தூரம் கண் தெரியாது என்று பிற்பாடு படித்தேன். அன்றைக்கு என் கண்ணுக்கு, இலையைப் போட்டு உட்கார்ந்தும் பரிமாறப்படாத ஆறு பேர்தான் தெரிந்தார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை.

அன்றைக்குக் காலையில் நான்காம் கூண்டின் சாற்றையும் ஐந்தாம் கூண்டின் சாற்றையும் ஒரே பீக்கரில் ஊற்றினேன். பசைத் தண்ணீர் விட்டுப் பதினெட்டு பேருக்கு நீட்டினேன். இரண்டு, நான்கு, ஐந்து என்ற அந்த மூன்று கூண்டுக்கும் ஒரே அளவு புகட்டினேன். ஒருவருக்கு ஒரு மடங்கு, பக்கத்து இலைக்கு இரண்டு மடங்கு என்ற அநியாயமும் அத்தோடு ஒழிந்தது. முதல் கூண்டு நோயில்லாதது, அதற்குப் பசியில்லை என்று விட்டுவிட்டேன். மூன்றாம் கூண்டுக்கு மேடமே வந்து கவனிக்கிறார், அவர்கள் மாப்பிள்ளை வீட்டார், அதில் நான் தலையிடவில்லை. பிறகு நோட்டில் எல்லாக் கட்டத்திலும் சரி என்று டிக் போட்டேன். ஒன்பது நாள் இப்படி நடந்தது. அந்த ஒன்பது நாளும் நான் மனநிறைவோடு வீட்டுக்குப் போனேன் என்பதை வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழ்ச்செல்வி முகத்தில் தழும்புகளோடு திரும்பி வந்தாள். வந்ததும் எடைகளை வைத்துக் கோடு போட்டாள். இரண்டு, நான்கு, ஐந்தாம் கூண்டுகளின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கிடந்தன.

"தராசு கெட்டுப்போச்சாண்ணே?" என்றாள்.

எடைக்கல் வைத்துப் பார்த்தோம். தராசு சரியாகத்தான் இருந்தது. அடுத்த வாரத்தில் அந்த மூன்று கூண்டு எலிகளும் ஏறக்குறைய ஒரே நாட்களில் செத்துப்போயின. அவளை மேடம் அறைக்குக் கூப்பிட்டார். பதிவேட்டைக் கொடுக்க நானும் போயிருந்தேன். அங்கே பேசியதை நின்று கேட்டேன்.

"ரெண்டாம் கூண்டுதான் தமிழ் நம்ம அளவுகோல். மருந்தே இல்லாட்டி எத்தனை நாள்னு அதுதான் சொல்லும். அதோட வெச்சுப் பாத்தா உன் சாறு ஒண்ணுமே பண்ணலை."

"ரெண்டு மடங்கு குடுத்துமா மேடம்?"

"நானும் மூணு தடவ கணக்குப் போட்டுட்டேன்மா."

தமிழ்ச்செல்வி கோடு போட்ட தாளை நாலாக மடித்தாள். "மாத்திரைக் கம்பெனியில வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க மேடம். ஒண்ணாந்தேதி சேந்துடறேன். மூணு வருஷம் போனது போகட்டும். இதை விட்டுடறேன்" என்றாள்.

அளவுகோல் என்ற சொல்லைக் கேட்டதும்தான் எனக்கு விஷயம் புரிந்தது. எதை வைத்து அளக்க வேண்டுமோ அதையே நான் எல்லோருக்கும் சமமாகப் பங்கு போட்டிருக்கிறேன். எனக்கு ஒரு வருஷத் தற்காலிக வேலை. அடுத்த மாதம் அது முடிகிறது. நிரந்தரமாக்குவதும் வீட்டுக்கு அனுப்புவதும் மேடம் கையில். வாயைத் திறந்தால் என் வேலை போய்விடும். திறக்காவிட்டால் அந்தப் பெண்ணின் மூன்று வருஷம் போய்விடும். பதிவேட்டை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. விஜயா என்னவென்று கேட்டாள். சொன்னேன்.

"ஏங்க, எலிக்கு மருந்து குடுத்ததுக்கா வேலைய விட்டு எடுப்பாங்க? அதுக்குத்தானே உங்களை வெச்சிருக்காங்க?"

"குடுக்கக் கூடாத எலிக்குக் குடுத்துட்டேன் விஜயா."

"குடுக்கக் கூடாத எலின்னு ஒண்ணு இருந்தா அதை எதுக்கு வளக்கறாங்க?" அவளுக்கு விளக்க எனக்குத் தெரியவில்லை. எனக்கே இரண்டு நாள் முன்னால்தான் தெரியும். கடைசியில் அவளே, "அந்தப் பொண்ணு வேலைக்குப் போயிட்டா அப்புறம் நீங்க எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு எலிக்கு மருந்து குடுப்பீங்க? போயிச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

மறுநாள் காலையில் சொன்னேன். சித்தப்பா, பந்தி, அப்பளம், எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. சொல்லி முடித்ததும் டிராயர் திறந்தது, வெள்ளைத் தாள் வந்தது.

'இரண்டாம் கூண்டு எலிகள்மீது பரிதாபப்பட்டு, கொஞ்சம் மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். மன்னிக்க வேண்டும்' என்று எழுதினேன். 'கொஞ்சம்' என்ற சொல்லைச் சிவப்பில் வட்டமிட்டார். "எத்தனை மில்லி?" 'பரிதாபப்பட்டு' என்ற சொல்லையும் வட்டமிட்டார். "எந்த நாள்லேர்ந்து?" மன்னிப்பை ஒரே கோடாக அடித்துவிட்டார், அதில் அளவு எதுவும் இல்லை என்பதால். நான்காவது பிரதியில் என் பாவம் முழுவதும் கட்டம் போட்ட அட்டவணையாகிவிட்டது.

"மேடம், என் வேலை?" என்று கேட்டேன்.

"அது அப்புறம். முதல்ல தமிழைக் கூப்பிடுங்க."

தமிழ்ச்செல்வி அந்தத் தாளை நின்றபடி படித்தாள். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தாள். "எங்கப்பா சாக்குச் சாக்கா அனுப்புனதை ரசம் மாதிரி நீட்டிட்டீங்களேண்ணே" என்றாள். அவள் மேடம் பக்கம் திரும்பினாள். "அப்ப என் செடி தோக்கலையா மேடம்?"

"தோக்கவும் இல்ல, ஜெயிக்கவும் இல்ல. அதை நாம இன்னும் சோதிக்கவே இல்ல."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கம்பெனி வேலையைப் பற்றி அப்புறம் அவள் பேசவே இல்லை. "இன்னும் ரெண்டு சாக்கு வேணும். எங்கப்பாகிட்ட நீங்களே கேளுங்க, நான் கேக்கமாட்டேன்" என்றாள். கேட்டேன். நடந்ததையும் சொன்னேன். "அதுக்கென்ன தம்பி, வரப்பு பூரா அதுதானே கிடக்கு" என்றார் அந்த மனிதர். நான் செய்த காரியத்தில் அவர் ஒரு தப்பும் காணவில்லை. எனக்கு அது இன்னும் சங்கடமாக இருந்தது.

மறுபடி முப்பது எலிகள் வேண்டுமென்றால் கல்லூரியின் விலங்குச் சோதனைக் குழு அனுமதி தர வேண்டும். முதல்வர், மேடம், வெளியாளாக மண்ணச்சநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கால்நடை டாக்டர், இன்னும் சிலர் அதில் இருந்தார்கள். அனுமதி கொடுத்தார்கள். சம்பத் விஷயத்தைச் சோதனை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முதல்வர் சொல்லிவிட்டார். சம்பத் என்பது நான்தான்.

தொடங்குகிற அன்று மேடம் சொன்னார்: "ரெண்டாம் கூண்டுக்கு நீங்கதான் புகட்டணும். வேற யாரும் தொடக் கூடாது."

என்னைத் தண்டிக்கிறார் என்றுதான் நினைத்தேன். தினமும் ஆறு எலிகளையும் கையில் எடுத்து வெறும் பசைத் தண்ணீரைப் புகட்டினேன். தலை, முதுகு, வால், முன்கால், பின்கால், வெறும். ஆறும் நம்பி வாங்கிக்கொண்டன. பத்தாம் நாள் வயிறு நன்றாக உப்பிவிட்டது. பதினைந்தாம் நாள் நடை தளர்ந்தது. சாற்று பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் தொடவில்லை. பதினெட்டு வருஷம் பந்தியில் ஒருவருக்கும் இல்லை என்று சொன்னதில்லை நான். அந்த மூன்று வாரம் தினமும் ஆறு தடவை சொன்னேன். எனக்கு அது பெரிய துக்கமாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஒரு நாள் தலை என்ற எலியால் தண்ணீர்க் குழாயை எட்ட முடியவில்லை. குழாயைத் தாழ்த்தி வைத்துவிட்டு, தாழ்த்தினேன் என்று நோட்டில் எழுதினேன். "இன்னும் எத்தனை நாள் மேடம்?" என்று கேட்டேன். "அதுவா முடியற வரைக்கும்" என்றார். முடிய இரண்டு நாள் ஆயிற்று.

கோடுகள் இந்தத் தடவை பிரிந்து நின்றன. ஐந்தாம் கூண்டு இரண்டாம் கூண்டைவிடச் சில நாள் கூடுதலாக உயிரோடு இருந்தது. நான்காம் கூண்டு நடுவில். ஆஸ்பத்திரி மருந்து வாங்கிய மூன்றாம் கூண்டு எல்லாவற்றையும் தாண்டிப் போயிற்று. அவ்வளவுதான் விஷயம். இதைப் படித்துவிட்டு யாரும் குப்பைமேனியைக் காய்ச்சிக் குடிக்க வேண்டாம். எங்கள் தெருவில் ஒருவர் குடித்துவிட்டு ஒரு நாள் முழுக்கக் குளியலறையிலேயே இருந்தார். ஆனால் தமிழ்ச்செல்விக்கு அந்தச் சில நாள் போதுமானதாக இருந்தது. அதை வைத்து ஆய்வை எழுதி முடித்துப் பட்டம் வாங்கினாள். முதல் சோதனையை ஏன் தள்ளிவிட்டோம் என்பதற்கு என் நான்காவது பிரதியைப் பின்னிணைப்பாகச் சேர்த்தாள்.

அதற்கு முன்னால் என் விஷயத்தை முடிவு செய்யக் குழு கூடியது. தண்டனைக்குக் காத்திருப்பவனே டீயும் போண்டாவும் கொடுத்த கூட்டம் அது. கால்நடை டாக்டர் மாடுகளைப் பார்த்துப் பழகியவர், பெரிய உருவம், பெரிய குரல். என் நான்காவது பிரதியை அப்போதுதான் முதன்முதலாகப் படித்தார். பதினெட்டு பேருக்கு நீட்டிய இடம் வந்ததும் சிரித்த சிரிப்பில் போண்டா புரையேறி, முதல்வர் எழுந்து அவர் தலையில் தட்ட வேண்டியதாயிற்று. தண்ணீர் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இப்பவாவது புரிஞ்சுதா சம்பத்து, ரெண்டாம் கூண்டுக்கு ஏன் மருந்து குடுக்கக் கூடாதுன்னு?"

"புரிஞ்சுது சார். எனக்குப் புரிஞ்சுது. அந்த ஆறுகிட்டயும் யாரும் சொல்லலை."

எதிர்த்துப் பேசவேண்டும் என்று சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. முதல்வரின் முகம் சுருங்கியது. வேலை போயிற்று என்று தட்டைக் கீழே வைத்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. நோட்டை இழுத்து நான் எழுதியிருந்த பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"மேடம், 'தலை, குழாயை எட்டவில்லை'ன்னு எழுதியிருக்காரே. அன்னிக்கே முடிவு தெரிஞ்சுபோச்சு இல்ல? அப்புறம் ரெண்டு நாள் நாம எதுக்குக் காத்திருந்தோம்?"

மேடம் நோட்டைப் பார்த்தார். எதற்கும் ஓர் அளவு வைத்திருக்கிறவர் அவர். "எனக்குத் தெரியலை டாக்டர்" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

அன்று மாலையே அனுமதிப் படிவத்தில் ஒரு வரி சேர்ந்தது. எலியால் தானாகத் தண்ணீர் குடிக்க முடியாத நிலை வந்துவிட்டால் மேற்கொண்டு காத்திருக்கக் கூடாது, மயக்க மருந்தில் தூங்கவைத்துவிட வேண்டும், அந்த நிலை வந்துவிட்டதா என்று சொல்ல வேண்டியவர் விலங்குக்கூட டெக்னீஷியன், அவர் சொன்னால் அதுவே முடிவு. மேடம் அதைத் தட்டச்சுக்குக் கொடுக்கச் சொன்னார். படித்துப் பார்த்தேன். எங்களிடம் அப்படி ஒரு ஆளே கிடையாது.

"டெக்னீஷியன் யாரு மேடம்?"

"நீங்கதான். ஆர்டர் நாளைக்கு வரும்."

அடுத்த சோதனை வேறொரு மாணவருடையது, வேறொரு செடி. பதினேழாம் நாள் காலையில் இரண்டாம் கூண்டில் வால் என்ற எலி ஒரு மூலையில் முடங்கிக் கிடந்தது. குழாயை அதன் வாய்க்கு நேராகத் தாழ்த்திப் பார்த்தேன். தலையைத் தூக்கவில்லை. இன்னும் மூன்று நாள் அது இருந்தால் அந்த மாணவரின் கணக்கு முழுமையாகும் என்பதும் எனக்குத் தெரியும். மேடத்தைக் கூப்பிட்டேன். வந்து என் பக்கத்தில் நின்றார்.

"போதும் மேடம்" என்றேன்.

"நிச்சயமா சம்பத்?"

"நிச்சயம் மேடம்."

எத்தனை கிராம், எத்தனை மணியிலிருந்து என்று கேட்பார் என்று நோட்டைத் திறந்து வைத்திருந்தேன். அவர் எதையும் கேட்கவில்லை. நான் இரண்டு கையாலும் எலியை ஏந்தியிருந்ததால், மயக்கப் பெட்டியின் மூடியை அவரே திறந்து பிடித்துக்கொண்டார்.